மாத்துச் செருப்பு நாள்

பல் செட் செய்கிற அந்தக் கூடத்தில் அரசாங்கம் விட்ட லீவுகளைவிட அவர்களாக வைத்துக்கொண்ட விசேஷ நாட்கள் அதிகம். எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவள் பல்லக்கா. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை பிடிப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். அவளைவிட வயதில் பெரியவரான முதலாளியே அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் வந்தது கடைவாய்ப்பல் நாள். அவசரமாக அனுப்ப வேண்டிய செட்டில் ஒரு பல் காணாமல் போய், மேசைக்கடியில் டார்ச் அடித்து, பெருக்கிய குப்பையையெல்லாம் கிளறி, கடைசியில் பார்த்தால் அது முதலாளியின் டீ கிளாஸ் அடியில் கிடந்தது. முக்கால் கிளாஸ் குடித்துவிட்டு, "இன்னிக்கு டீயில என்னமோ ஒரு சத்து இருக்கு" என்று அவர் சொல்லியும் இருந்தார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தத் தேதியில் எல்லாரும் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அப்புறம் குறட்டை நாள். பாலிஷ் போடுகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மோட்டார் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட, மோட்டார்தான் கெட்டுப்போய்க் கத்துகிறது என்று நினைத்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்கள். அந்த நாளில் எல்லாரும் மேசையில் தலைவைத்துக் கொஞ்ச நேரம் தூங்கலாம். முதலாளி கண்டுகொள்ள மாட்டார்.

கதை இல்லாத நாளைப் பல்லக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். "சும்மா கேக் வெட்றதுக்கு எதுக்கு ஒரு நாள்? என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், வயிறு வலிக்கச் சிரிக்கணும், அப்புறம்தான் வெட்டணும்" என்பாள். கதை சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குரலை மாற்றுவாள், நடந்து காட்டுவாள், மெழுகுக் கத்தியே விளக்குமாறாகும், கரண்டியாகும், போன் ஆகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கொடிகட்டிப் பறந்தது மாத்துச் செருப்பு நாள்தான்.

அதன் நாயகன் மாவு; அதுவும் வேலையால் வந்த பட்டப்பெயர்தான். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு வந்ததும், பிளாஸ்டர் மாவைக் குழைத்து அதில் ஊற்றி, இறுகியதும் கழற்றி, ஈறும் தாடையுமாக உருவி எடுத்துக் கொடுப்பான். காலையில் கறுத்த முடியோடு வந்து சாயங்காலம் நரைத்த முடியோடு வீட்டுக்குப் போகிறவன் என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள். அதிகம் பேசமாட்டான். பேசினால் மெதுவாகப் பேசுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் மாவு தாமதமாக வந்தான். ஒரு காலில் அவனுடைய பழுப்புத் தோல் செருப்பு. இன்னொரு காலில் ரோஸ் கலரில், நடுவில் வெள்ளைப் பூ வைத்த பெண்கள் செருப்பு. குதிகால் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது பல்லக்காதான்.

"என்னப்பா மாவு, பாதிதான் நீ வந்திருக்கே போலிருக்கு? மீதிக்கு உன் பொண்டாட்டி வந்திருக்காளா?"

கூடமே அதிர்ந்தது. பாலிஷ்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாவு குனிந்து தன் காலைப் பார்த்தான், யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. பிறகு அவனும் சிரித்தான். "அவசரத்துல மாத்திப் போட்டுட்டேங்க்கா" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைப் பல்லக்கா கட்டினாள்.

மாவு அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போனானாம். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனதாம். பொண்டாட்டி விளக்குமாற்றோடு வந்தாளாம். இவன் கட்டிலுக்கடியில் காலை விட்டுத் துழாவிக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினானாம். ஒவ்வொரு வருஷமும் கதையில் உப்பும் காரமும் ஏறியது. இரண்டாம் வருஷம் மாடி வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மூன்றாம் வருஷம் மாவின் இன்னொரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் ஓடியது. உச்சக்கட்டம் எப்போதும் அவன் மனைவியின் கத்தல்தான். "யோவ், நில்லு! போறதுன்னா போ, என் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போ!" அந்தப் பெண்ணை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதனால் பல்லக்கா கொடுத்த கீச்சுக்குரல்தான் அவளுடைய குரல் என்று ஆகிப்போனது.

அந்த நாளில் எல்லாரும் ஜோடி மாற்றித்தான் போட்டு வருவார்கள். ரொம்பக் கேவலமான ஜோடிக்குக் கேக் இரண்டு துண்டு. மாவும் மாற்றிப் போட்டுக்கொண்டுதான் வருவான். டீ கிளாஸைப் பிடித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். வேண்டாம் என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் முதலாளிக்குத் திடீரென்று ஆசை வந்தது. "இந்தத் தடவை எல்லாரும் வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. நாம மட்டும் எத்தனை நாளைக்கு நம்ம மூஞ்சியையே பார்த்துச் சிரிக்கிறது?" என்றார்.

மாவு தலையைச் சொறிந்தான். "அவ எங்கயும் வரமாட்டாங்க. கூட்டம்னா ஆகாது."

பல்லக்கா விடுவாளா? டாக்டர்களுக்கு போன் செய்து அளவு கேட்கிற பெண்ணிடம் மாவின் வீட்டு நம்பரை வாங்கித் தானே பேசினாள்.

"நான் பல்லக்கா பேசறேம்மா. நீ வரலைன்னா எப்படி? கதைக்கு நாயகியே நீதானே!"

"என்ன கதைக்கா?" பல்லக்கா கொடுத்த குரலுக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. தாழ்ந்த, கொஞ்சம் கம்மிய குரல்.

"வந்து கேளு. இப்பவே சொன்னா ருசி போயிடும்." தேதியைச் சொன்னாள்.

"அன்னிக்கா..." என்று இழுத்தாள் அவள். பிறகு, "சரிக்கா, வர்றேன். எப்படியும் அன்னிக்கு வீட்ல நான் தனியாத்தான்..." என்றாள். முடிக்கவில்லை. அதற்குள் பல்லக்கா, "அப்படிப் போடு!" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. பஸ் டிரைவரான பல்லக்காவின் வீட்டுக்காரர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் குளியலறைச் செருப்புமாக வந்து எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். கடைசியாக மாவின் மனைவி வந்தாள். ஒல்லியான பெண். முடியை இழுத்துப் படிய வாரியிருந்தாள். யாரும் சொல்லாததால் ஒழுங்கான ஜோடிச் செருப்புப் போட்டிருந்தாள். வாசலில் எல்லார் காலையும் பார்த்து ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

அவளைப் பார்த்ததும் மாவின் முகம் விழுந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பல்லக்காவை ஒதுக்கி, "அக்கா, இன்னிக்குக் கதை வேண்டாங்க்கா" என்றான்.

"வெக்கத்தைப் பாரு! பொண்டாட்டி முன்னாடி மானம் போயிடுமாக்கும்?" முதுகில் ஒன்று தட்டி அவனை முன்வரிசைக்குத் தள்ளினாள்.

புது ஆட்கள் முன்னால் சொல்கிற குஷியில் அன்றைக்குக் கதை என்றுமில்லாதபடி அமர்க்களப்பட்டது. பால் பொங்கியது. விளக்குமாறு பறந்தது. நாய் இரண்டாகிவிட்டது. மாவின் மனைவி முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லக்கா ஒற்றைக்காலைத் தூக்கிக் காட்டி, "ரோஸ் கலரு! நடுவுல வெள்ளைப் பூ!" என்று சொன்னபோது அந்தக் கை வாயிலிருந்து இறங்கியது. "யோவ், நில்லு!" என்று பல்லக்கா கீச்சிட்டபோது கூடமெல்லாம் சேர்ந்து கத்தியது. அவள் மட்டும் கத்தவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "இது என்னிக்கு நடந்துச்சுக்கா?"

"இன்னிக்குத்தாம்மா! அதான் நாளே. ஆறு வருஷம் ஆச்சு."

"அன்னிக்கு இவர் இங்கயா இருந்தார்?"

"பின்ன? காலைல வந்தவன், சாயங்காலம் வரைக்கும் இங்கதான்."

அவள் மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல இருந்ததா சொன்னீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. பிறகு எழுந்து, டீ கிளாஸை மேசையில் ஓரமாக வைத்து, "வர்றேங்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். மாவு பின்னாலேயே ஓடினான்.

"என்னம்மா, நிஜமாவே சண்டையா?" என்றார் முதலாளி.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று பல்லக்கா கேக்கை வெட்டினாள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அவள் துண்டு தட்டிலேயே கிடந்தது.

மறுநாள் மாவு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான், எல்லாருக்கும் முன்பாக. பல்லக்கா உள்ளே நுழைந்தபோது, பிளாஸ்டர் குழைக்கிற ரப்பர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கிண்ணம்.

"என்னப்பா ஆச்சு?"

அவன் திரும்பாமலே சொன்னான். "அவளுக்கு எட்டாம் மாசம்க்கா அப்ப. விடியறதுக்கு முன்னாடி வலி வந்து தூக்கிட்டு ஓடினேன். அவ செருப்பு என் கால்ல எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. குழந்தை... அழவே இல்ல. என் கையில குடுத்தாங்க. அப்புறம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவ மயக்கத்துல இருந்தா. முதலாளிகிட்ட போன்ல சொல்ல வாய் வரலை. நேர்ல போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு ஓடி வந்துடலாம்னுதான் வந்தேன்."

பல்லக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீங்க சிரிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சுக்கா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. அது நல்லா இருந்துச்சு. திரும்பிப் போனா மறுபடி ஞாபகம் வந்துடும்ல? அதான் போகலை. சாயங்காலம் அவ அண்ணன் வந்து சேர்ந்தப்புறம்தான் போனேன். நர்ஸ் உள்ள விடலை, வராண்டாவுலயே உட்கார்ந்திருந்தேன்னு சொல்லிட்டேன். வருஷா வருஷம் அந்த நாள்ல அவ வீட்ல தனியா உட்கார்ந்திருப்பா. லீவு போடுங்கன்னுவா. முடியாது, வேலை இருக்குன்னு இங்க வந்துடுவேன். இங்க வந்தா... சிரிக்கலாம்."

"மாவு, என்னை மன்னிச்சுடுப்பா. நான் இல்லாததும் பொல்லாததும் சொல்லி—"

"உங்க மேல என்னக்கா தப்பு? உங்களுக்குத் தெரியுமா என்ன?"

அந்தக் கேள்வியை அவன் ஆறுதலுக்காகத்தான் கேட்டான். ஆனால் அதற்குப் பல்லக்காவிடம் ஒரு பதில் இருந்தது; அதை அவனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அன்று முழுக்க அவள் நட்ட பற்கள் ஒன்றும் ஒழுங்காக நிற்கவில்லை. வீட்டில் டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவரும் மாவு சொன்னதையேதான் சொன்னார். "உனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்த்தே?"

"கேட்டிருக்கலாம்ல?"

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சிரிக்கணும்னா யாரும் சிரிக்கவே முடியாதுடி."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி மாவின் வீட்டுக்குப் போனாள். போய் என்ன பேசுவது என்று தெரியாது. வழியில் ஏதாவது வாங்கிப் போகலாமென்று ஒரு கடைமுன் நின்று, எதை வாங்கினாலும் லஞ்சம் கொடுப்பது போலிருக்கும் என்று வெறுங்கையோடு போனாள். முன்னறையில் தையல் மெஷினும், பள்ளிக்கூடச் சீருடைகள் நீலநீலமாக அடுக்கி வைத்த பெஞ்சும் இருந்தன. மாவு வீட்டில் இல்லை. மாவின் மனைவி பெஞ்சிலிருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார இடம் கொடுத்தாள்.

"நான் மன்னிப்புக் கேக்க வந்தேம்மா. உன்னைப் பார்த்ததுகூட இல்ல, உன் குரலை வெச்சு இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வெச்சிருக்கேன்."

"என் குரல் அப்படியாக்கா இருக்கு?" என்று கேட்டாள் அவள். கோபமாகவா, வேடிக்கையாகவா என்று பல்லக்காவுக்குப் பிடிபடவில்லை. "அதை விடுங்க. எனக்கு ஒண்ணு செய்யுங்க. அன்னிக்கு அவர் அங்க என்ன செஞ்சார்னு சொல்லுங்க. அவரைக் கேட்டா, ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறார். நீங்கதான் கூடவே இருந்திருக்கீங்க. நாய், விளக்குமாறு எல்லாம் வேண்டாம். நடந்தது மட்டும்."

இதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பல்லக்கா வாயைத் திறந்தாள். வந்தது கட்டிலுக்கடியில் துழாவிய கால்தான். அதைத் தள்ளினால் பொங்கிய பால். எத்தனை முறை சொன்ன கதை! நடந்த நாளின்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக ஏற்றி, அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாமல் ஆக்கிவைத்திருந்தாள். ஒரு மனுஷனுடைய வாழ்க்கையில் மிக மோசமான நாள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அதைத் தின்று தீர்த்தவளும் அவள்.

"கொஞ்சம் இரும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக வந்தது. கிளாஸில் ஆடை கட்டிப்போன டீ. சாப்பாட்டு நேரத்தில் அவன் டப்பாவே கொண்டுவரவில்லை. ரோஸ் செருப்பைக் கழற்றி, மேலிருந்த மாவைத் துடைத்து, அலமாரியில் பத்திரமாக வைத்தான். அதையும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பிறகு, அவள் யாரிடமும் சொல்லாத அந்த மத்தியானம்.

"மெழுகுக் கத்தியைக் கழுவ அவன் மேசைப் பக்கம் போனேன். மாவு ஊத்தினா காத்துக்குமிழி போறதுக்கு ஒரு அதிர்ற மெஷின்ல வெப்பாங்க. அச்சு ஏற்கெனவே நிறைஞ்சிருந்துச்சு. அது மேலயே மறுபடி மறுபடி ஊத்திட்டிருந்தான். மேசையெல்லாம் வழிஞ்சுது. ஒரு கையை அந்த மெஷின் மேல வெச்சிருந்தான். கை தானா ஆடிட்டிருந்துச்சு, எடுக்கவே இல்ல. மூஞ்சி பூரா வெள்ளையா மாவு. அதுல..." நிறுத்தினாள்.

"அதுல?"

"ரெண்டு கோடு. ரெண்டு கன்னத்துலயும் கண்ணுல இருந்து கீழ வரைக்கும். மாவு கண்ணுல விழுந்துடுச்சா, போய்க் கழுவுப்பான்னு சொல்லிட்டு நான் போயிட்டேன். மாவு விழுந்தா அப்படி ஆகாதும்மா. எனக்கு அப்பவே தெரியும். ஒரு நொடி நின்னேன். ஆனா விளக்குமாத்துக் கதை அப்பதான் என் மனசுல வந்திருந்துச்சு. அதை போன் பொண்ணுகிட்ட சொல்லணும்னு அவசரம். அதான் போயிட்டேன்."

எதிரில் இருந்தவள் மடியிலிருந்த நீலச்சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அழுதாரா அப்ப?"

"அழுதாம்மா."

"நான் பார்த்ததே இல்லக்கா. சாயங்காலம் உள்ள வந்தப்போ பக்கத்துல கல்லு மாதிரி நின்னார். வீட்டுக்கு வந்தப்புறமும் அப்படித்தான். இவருக்கு ஒண்ணுமே இல்ல போலிருக்கு, எனக்கு மட்டும்தான் குழந்தை செத்துச்சு போலிருக்குன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "பொண்ணு குழந்தை. அண்ணன்தான் சொன்னான், மூக்கு அவர் மூக்காம்."

பல்லக்கா அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தாள். பிடிக்கவில்லை. அதற்கான உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"அந்த ஒரு நொடி நீங்க நின்னு கேட்டிருந்தா, என்கிட்ட அனுப்பியிருப்பீங்க" என்றாள் அவள் கொஞ்சம் கழித்து. குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆமாம்மா."

"ம்." எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பல்லக்கா முழுவதையும் குடித்தாள். விடைபெறும்போது, "ஒருநாள் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கக்கா. சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் மாவின் மனைவி. உபசாரத்துக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

கூடத்தில் அந்த நாள் அதோடு நின்றுபோனது. ஏன் என்று பல்லக்கா யாருக்கும் விளக்கவில்லை. மாவே ஒரு மத்தியானம் பாலிஷ்காரரிடம் சொல்லியிருக்கிறான். அவர் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. மாவு எப்போதும்போல வேலைக்கு வருகிறான். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறான். பல்லக்காதான் அவனிடம் எதைப் பேசினாலும் முதலில் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். "என்னக்கா, எனக்கு மட்டும் வடிகட்டிப் பேசறீங்க?" என்று அவனே கேட்டுவிட்டான்.

அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட அவள் போகவில்லை. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்றாள் ஒருதரம். தலைவலி என்றாள் ஒருதரம்.

போன வாரம் காய்கறி வாங்கப் போனவள் பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருவரையும் பார்த்தாள். ஒரே குடைக்குள் நின்று எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாவு பையைக் கை மாற்றிக்கொண்டே ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் ஓர் இடி இடித்தாள். பல்லக்காவுக்கு மனசு நிறைந்தது. கூப்பிடலாம் என்று கையைக்கூடத் தூக்கினாள். அதற்குள் மாவின் மனைவி இந்தப் பக்கம் திரும்ப, பல்லக்கா சட்டென்று தக்காளிக் கூடைமேல் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு தக்காளியாக எடுத்து, அழுத்திப் பார்த்து, மறுபடி வைத்தாள். பஸ் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை நிமிரவே இல்லை.